கயிற்றின் மறுமுனை

அண்மையில் ஒரு செயலமர்வுக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். அழைக்கப்பட்டிருந்தோம் என்பதுகூடப் பொருத்தமான சொல்லன்று. அவரவர் வீட்டில், அவரவர் கைத்தொலைபேசியின் முன் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும்படி பணிக்கப்பட்டிருந்தோம். பேசாலை, தாழ்வுபாடு, நானாட்டான், சிலாவத்துறை என மன்னார்த் தீவிலும் அதன் எதிரே கிடக்கும் பெருநிலக் கரையிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் நாற்பது பேரளவில், திரையில் சிறு சிறு சதுரங்களாகத் தென்பட்டோம். செயலமர்வின் பொருள், ‘மெய்நிகர் குழுக்களில் பயனுள்ள தொடர்பாடல்’ என்பது. ஓரிடத்தில் கூடாமல், இணையத்தின் வழியே மட்டும் சந்தித்து, ஒரு காரியத்தைக் கூட்டாகச் செய்து முடிக்க வேண்டியவர்களுக்குத்தான் இன்று மெய்நிகர் குழு என்ற பெயர் வழங்குகிறது.

பயிற்றுநர் தலைநகரிலிருந்து பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கினார், இடையிடையே சிங்களத்தில் விளக்கினார், ஆங்கிலத்தில் முடித்தார். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே அனுப்புக, சுருக்கமாகப் பேசுக, ஒருவர் பேசும்போது மற்றவர் ஒலிவாங்கியை மூடிவைக்க, கமெராவைத் திறந்துவைக்க, புன்னகை செய்க, குரலிலும் புன்னகை கேட்கும் என்றார். இறுதியில், “கேள்விகள் உண்டா?” என்று வினவினார். அரை நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. “நன்று, எல்லோருக்கும் விளங்கிவிட்டது” என்று மகிழ்ந்து விடைபெற்றார். மறுநாள் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

அன்றிரவு, கரையோரக் கிராமமொன்றில் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் எம்முள் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். “சேர், அவர் சொன்னதில எனக்குப் பாதிக்கு மேல விளங்கயில்ல. கேப்பம் எண்டா, எங்கட மைக்க அவங்களே பூட்டி வச்சிருந்தாங்க” என்றார்.

அந்த அரை நிமிட மௌனத்தைப் பற்றியே நாம் எழுதப் புகுகிறோம். அன்று சொல்லப்பட்ட நற்போதனைகளோடு எமக்குப் பெரும்பகை எதுவும் இல்லை. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டி அனுப்புவது நல்லதுதான். ஒலிவாங்கியை மூடாவிட்டால் கோழி கூவுவதும் குழந்தை அழுவதும் கேட்கத்தான் செய்யும். (புன்னகையைப் பற்றி மட்டும் எமக்கு ஐயமுண்டு. மாதக் கடைசியில் ஆசிரியரொருவர் குரலில் புன்னகை கேட்க வேண்டுமானால் சம்பளத்தைப் பற்றியும் ஒரு செயலமர்வு நடத்த வேண்டியிருக்கும்.) எமது வழக்கு வேறு. தூரத்திலிருப்பவர்கள் கூடி உழைப்பதென்பது பழக்கவழக்க நாகரிகம் பற்றிய விஷயமாக மட்டும் இன்று போதிக்கப்படுகிறது. யாருடைய மொழியில் பேசுவது, யார் பேச்சை நிறுத்தலாம், விளங்கவில்லை என்று சொல்பவனுக்கு என்ன நேரும், வேண்டாம் என்று சொல்பவனுக்கு என்ன நேரும் என்னும் கேள்விகள் பாடத்திட்டத்திலேயே இல்லை. அவற்றை விட்டுவிட்டுத் தொடர்பாடலைக் கற்பிப்பது, கடலை விட்டுவிட்டு நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும்.

முகம் காணாமல் கூடி உழைக்கும் கலை மன்னாருக்குப் புதிதன்று. இணையம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கடல் அதனை அறிந்திருந்தது. அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் மேற்கே, கடலடியில் பார்கள் என வழங்கும் முத்துச்சிப்பித் திட்டுகள் கிடக்கின்றன. சலாபம் நடந்த காலங்களில் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாட்கள் படகேறி வந்தார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் வந்தார்கள். பெரும்பாலும் படகொன்றில் பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள். ஒரு கல்லுக்கு இருவர், மாறி மாறி இறங்குவார்கள். ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழம். கல்லில் காலூன்றி இறங்குகிறவன் அடியைத் தொட்டதும் கல் மேலே இழுக்கப்படும். அவன் ஒரு நிமிட நேரம், தேர்ந்தவனாயின் அதற்கும் சற்று மேலாக, தட்டித் தடவிச் சிப்பிகளைப் பையில் அள்ளுவான். மூச்சு முட்டும் தறுவாயில் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பான். மேலே படகில் நிற்பவன் அந்தக் கணமே அவனைத் தூக்குவான்.

இருவருக்கும் இடையே ஒன்பது பாகம் கடல். ஒருவன் முகத்தை மற்றவன் காண்பதில்லை, குரல் கேட்பதில்லை. இருப்பதெல்லாம் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் ஒழுங்கைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். செயலமர்வில் இரண்டு மணி நேரத்தில் கிடைக்காதது அதில் கிடைக்கிறது. கயிறு வெட்டப்பட்டால் என்ன பொருள் என்பது இறங்குவதற்கு முன்பே இருவருக்கும் ஐயமறத் தெரியும். நீருக்கடியில் போய் விளக்கம் கேட்க முடியாது. சைகை கொடுக்கும் உரிமை கீழே இருப்பவனுக்கு, எவனுடைய மூச்சு போய்க்கொண்டிருக்கிறதோ அவனுக்கு உரியது. ‘இன்னும் நாலு சிப்பி எடுத்துக்கொண்டு வா’ என்று மேலே இருப்பவன் பேரம் பேசுவதில்லை. ஏன் என்று கேட்பதும் இல்லை. முதலில் தூக்குகிறான், காரணம் பிறகு பேசப்படுகிறது. அத்தோடு, கயிறு பிடிப்பவனுக்கு அந்நேரத்தில் வேறு வேலை கிடையாது. ஒரே வேளையில் ஆறு குழுக்களின் கூட்டத்தில் காதையும் ஏழாவது குழுவின் கடிதத்தில் கண்ணையும் வைத்திருக்கும் இன்றைய மேலாளர் அன்று கயிறு பிடித்திருந்தால், மன்னார்க் கரை முழுதும் பிணங்களாகவே ஒதுங்கியிருக்கும்.

மைத்துனனே கயிறு பிடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு முத்துக்குளிக்கும் கரைகளில் உண்டு. தங்கையின் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது என்பார்கள். இதனை நாம் பாசக் கதையாகக் கொள்ள வேண்டியதில்லை. கீழே இருப்பவன் அழிந்தால் தானும் எதையாவது இழக்கக் கூடியவனிடமே கயிற்றைக் கொடு என்பதுதான் அதிலுள்ள தொழில் ஞானம். கூட்டாகச் செய்த வேலை கெட்டுப்போனால் தமக்கு ஒரு சதமும் நட்டமில்லாதவர்கள்தாம் இன்றைய குழுக்களுக்குப் பெரும்பாலும் தலைமை தாங்குகிறார்கள் என்பதை ஆசிரியத் தோழர்கள் நன்கறிவார்கள்.

கயிற்றைப் பாடிப் புகழ்ந்துவிட்டு அத்தோடு நின்றுவிட்டால் நாமும் பழம்பெருமை பேசும் கூட்டத்தைச் சேர்ந்தவராகிவிடுவோம். பிரித்தானிய ஆட்சியின் கடைசிச் சலாபங்களில், உயிரைப் பணயம் வைத்து இறங்கியவனுக்கு மூன்றிலொரு பங்குச் சிப்பிதான். மூன்றில் இரண்டு பங்கு கரையிலிருந்த அரசாங்கத்துக்கு. படகுக்குள் நிலவிய நீதி படகுக்கு வெளியே நிலவவில்லை. அந்த வெளியுலகின் கயிறு எத்தகையது என்பதையும் இதே கடல் காட்டியிருக்கிறது.

1902இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் முத்துச்சிப்பிகளை ஆராய இலங்கை வந்தார். ஜேம்ஸ் ஹோர்னெல் அவருக்கு உதவியாளராக இருந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. விஞ்ஞானம் என்ற வகையில் அது பெரிய உழைப்பு. அதைக் குறைத்து மதிப்பிடுவது எமது எண்ணமன்று. பெரிய பாரில் கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகள் தோன்றுவதும், வளர்வதற்கு முன்பே காணாமற் போவதும் அதில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. இக்கரை மக்கள் அந்தப் பாரைத் தாய்ப்பார் என்று பொருள்படும் பெயரால் அழைத்ததையும், இங்கே பிறக்கும் சிப்பிகளே கரையை அடுத்த பார்களுக்குப் போய்ச் சேர்கின்றன என்று அவர்கள் கருதியதையும் ஹெர்ட்மன் குறித்திருக்கிறார். பெயருக்குள் ஒரு கொள்கையையே பொதிந்துவைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சொல் ஆங்கில அறிக்கையில் ஒரு குறிப்பாக இடம்பெற்றது. அந்த அறிக்கை குறித்து அவர்களுடைய கருத்து என்ன என்று திரும்பி வந்து கேட்கும் மார்க்கம் எதுவும் வகுக்கப்படவில்லை.

1905இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அரசின் வருவாய் 25 இலட்சம் ரூபாவை எட்டியது. கண் கூசும் அந்தக் கணக்கு இலண்டன் முதலாளிகளின் வாயில் நீரூற வைத்தது. 1906இல் முத்துப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம், இலண்டனில் அமைந்த இலங்கை முத்துக்குளிப்போர் கொம்பனிக்குக் கொடுக்கப்பட்டன. பெயரைப் பாருங்கள்! முத்துக்குளிப்போர் கொம்பனியாம், அதன் பணிப்பாளர்களில் எவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு நீரில் நின்றவரல்லர் என்று நாம் துணிந்து கூறலாம். 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. 1912இல் கொம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த சலாபத்துக்கு 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிப்பிகள் அழிந்தது கடிதப் போக்குவரத்துக் கோளாற்றினால் என்று நாம் சொல்ல வரவில்லை. இயற்கைக்கும் அதில் பங்குண்டு; ஆண்டுக்கு ஆண்டு ஆசை தீர அள்ளியதற்கும் பங்குண்டு. ஆனால் இலண்டனுக்கும் மரிச்சுக்கட்டிக்கும் இடையே அன்றே தந்தி இருந்தது, கப்பல் இருந்தது, அறிக்கை இருந்தது, நிபுணர் இருந்தார். செய்தி போவதற்கான சாதனங்களில் குறைவில்லை. இல்லாதது ஒன்றே ஒன்று: ‘போதும், இவ்வாண்டு அள்ளாதே’ என்று கீழேயிருந்து கயிற்றை வெட்டினால் மேலே கை அசைய வேண்டும் என்ற ஏற்பாடு. இரண்டாண்டு இலாபம் எடுத்த பங்குதாரருக்கும், பருவம் முழுதும் வேலையிழந்த குளியாளுக்கும் மைத்துனன் உறவு இருக்கவில்லை.

தந்தியைக் குறிப்பிட்டோம். 1858இலேயே கொழும்பிலிருந்து மன்னார் வழியாக இந்தியாவுடன் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. தந்தி ஊழியர்கள்தாம் இன்றைய மெய்நிகர் குழுக்களின் மூதாதையர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தவர்கள். அவர்களுடைய தொழிலில் ஓர் ஒழுங்கு இருந்தது. வாங்குபவருக்கு ஒரு சொல் தெளிவில்லையெனில் அனுப்புபவரை இடைமறித்து, மறுபடி அனுப்பு என்று கேட்பார். இலக்கங்களையும் ஐயத்துக்குரிய சொற்களையும் திருப்பி அனுப்பிச் சரிபார்ப்பார். அனுப்புபவர் எவ்வளவு பெரிய நிலையத்தில் இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. அனுப்பிய செய்தி அன்று, வாங்கி உறுதிப்படுத்திய செய்தியே செய்தி. ‘கேள்விகள் உண்டா?’ என்று பொதுவில் வீசிவிட்டு மௌனத்தைச் சம்மதமாக வாங்கிக்கொண்டு போகும் நவீனப் பயிற்றுநர், அந்தத் தந்தி ஊழியரிடம் ஒரு வாரம் பயிற்சி பெறக் கடமைப்பட்டவர்.

இனி எம்முடைய சொந்தத் தொழிலுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. இரண்டாண்டுக் காலம், இடையிடையே சில திறப்புகள் தவிர, கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கணினி உண்டு என்று அரசாங்கக் கணக்கெடுப்பே கூறிய நாட்டில் இது நடந்தது. இக்கரையோரக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி இருந்தாலே பெரிது. அதுவும் தகப்பனுடன் கடலுக்குப் போய்விடும். அவர் திரும்பும்போது பொழுது விடிந்திருக்கும், அல்லது சாய்ந்திருக்கும்; கூட்டலும் கழித்தலும் கற்பிக்கும் சூம் வகுப்பு முடிந்திருக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேளையில் பாடம் இருந்தால் தங்கை விட்டுக்கொடுப்பாள். வீட்டின் வழக்கம் அதுதான். ‘டேட்டா’ தீர்ந்துபோனால் அந்த வாரம் பாடமும் தீர்ந்துபோகும். தனுஷ்கோடியில் நிற்பவர்களின் தொலைபேசியை இலங்கைக் கோபுரம் எட்டிப் பிடித்து வரவேற்கிறதாம்! கடலைக் கடக்கும் அலைகள், வீதிக்கு அப்பாலுள்ள குடிசையைச் சில வேளைகளில் எட்டவில்லை.

மேலிடம் எம்மிடம் கேட்டதோ ஓர் இலக்கம். இன்று எத்தனை மாணவர் இணைந்தனர்? நாமும் எழுதியனுப்பினோம். இணைந்தனர் என்பது மேலே போகப் போகக் கற்றனர் என்று மாறிற்று. ஒரு மாத முடிவில் அது வெற்றி என்றும் மாறியிருக்கக்கூடும். இணையாதவர்கள் ஏன் இணையவில்லை என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இருக்கவில்லை. கயிற்றின் கீழ் முனையில் யார் மூழ்குகிறார் என்பது மேலே தெரியாதபடி அமைத்த படிவம் அது.

வழியை ஆசிரியர்களே கண்டார்கள். பாடத்தை ஐந்து நிமிடக் குரல்பதிவாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் இரவில் அனுப்பிவைத்தால், தகப்பன் கரையேறிய பிறகு பிள்ளை அதைக் கேட்கும். கொப்பியைப் படம் பிடித்து மறுநாள் அனுப்பும். பட வகுப்புக்கு வேண்டிய டேட்டாவில் சிறுபகுதியே இதற்குப் போதும். தொலைபேசியே இல்லாத வீட்டுக்கு அயல் வீட்டுப் பிள்ளை வினாத்தாளைக் கையால் எழுதிக் கொண்டுபோனது. இதைப் பெரிய கண்டுபிடிப்பென்று எவரும் பாராட்டவில்லை. ஆயினும் இதிலுள்ள கொள்கை பெரிது: குழுவிலே மிக மெலிந்த இணைப்பு யாருடையதோ, அவருக்கேற்ற சாதனத்தையும் நேரத்தையும் குழு முழுதும் ஏற்றுக்கொள்வது. ஒரே நேரத்தில் எல்லோரும் திரையில் தோன்ற வேண்டும் என்ற பிடிவாதம், வலிய இணைப்பு உள்ளவனின் வசதிக்காக இயற்றப்பட்ட சட்டம். கமெராவைத் திறந்துவை என்ற கட்டளையும் அப்படியே. ஓலைத்தட்டியும் உலர்த்திய துணியும் பின்னால் தெரிய, அடுப்படியில் நின்று கூட்டத்தில் பங்குபற்றும் ஆசிரியை அதை ஏன் திறக்கவில்லை என்று கட்டளையிட்டவர் எண்ணியிருப்பாரா?

மௌனத்துக்குப் பதிலாகச் சொல் எப்போது மேலே கேட்டது என்பதையும் மறக்கலாகாது. 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. சம்பள முரண்பாடு நீண்ட காலமாகவே புகைந்துகொண்டிருந்தது. அம்மாதம் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்த ஜோசப் ஸ்டாலின் முதலிய சங்கத் தலைவர்கள் கைது செய்யப்பட்டு முல்லைத்தீவுக்குத் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் நெருப்பு மூண்டது. வேலைநிறுத்தம் ஒக்டோபர் வரை நீடித்தது. பதினாறு மாதங்கள் சதுரங்களாக மட்டும் தென்பட்ட ஆசிரியர்கள், சதுரங்களை அணைத்த பின்னரே மனிதர்களாகக் காணப்பட்டார்கள். நாடெங்குமுள்ள ஆசிரியர் ஒருமித்துக் கயிற்றை வெட்டியபோது மேலே ஆடியதை நாம் கண்டோம்.

மொழியைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால், ‘இதோ வந்துவிட்டார்கள், 1956ஐத் தூக்கிக்கொண்டு’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. வட மாகாணத்தில் தமிழே நிர்வாக மொழி என்றும் சட்டம் சொல்கிறது. இன்றும் கொழும்பிலிருந்து தனிச் சிங்களத்தில் சுற்றறிக்கைகள் வருவது எவருக்கும் இரகசியமன்று. கையில் எடுத்துக்கொண்டு சிங்களம் அறிந்த அயலவரைத் தேடி நடந்த காலம் போய், இன்று கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புக் கருவியிடம் காட்டுகிறோம். ‘கருவி வந்துவிட்டதே, இனியென்ன குறை?’ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கருவி வந்த செய்தியின் பொருளை ஓரளவு சொல்லும். ஆனால் நாம் தமிழில் எழுதும் பதிலை அந்தக் காரியாலயத்தில் எவராவது அதே கருவியிடம் காட்டுவார்களா? மொழிபெயர்க்கும் சுமை எப்போதும் ஒரு பக்கத்துத் தோளிலேயே ஏற்றப்படுகிறது. அதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். சிங்கள உழைப்பாளியின் மொழியோடு எமக்கு எந்தச் சண்டையும் இல்லை. மொனராகலைச் சிற்றூரின் ஆசிரியருக்கும் கொழும்பின் ஆங்கிலம் இதே மதிலாகத்தான் நிற்கிறது.

ஒரே மொழி பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மயக்கமும் வேண்டாம். 1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் சில நாட்களுக்குள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அது நல்ல தமிழில்தான் இருந்தது. எருக்கலம்பிட்டி மக்களுக்கு ஒரு சொல்லும் விளங்காமற் போகவில்லை. திருப்பிப் பேசத்தான் இடமிருக்கவில்லை. தலைமுறை ஒன்று புத்தளத்தில் வளர்ந்தது. ஊரின் பள்ளிக்கூடத்தையும் பள்ளிவாசலையும் காணிப் பத்திரத்தையும் தொலைவிலிருந்தே பேணவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. அன்று தமிழ் எழுத்தாளரிற் பலர் கைக்கொண்ட மௌனத்தை எவ்வாறு கணக்கு வைப்பது? இந்தப் பத்தியை எழுதாமல் நாம் மேற்கொண்டு செல்வது நேர்மையாகாது.

தீவின் தென்கரையில் இன்று நிற்பவை காற்றாலைகள். மின்சார சபையின் ‘தம்பபவனி’ 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது: 30 சுழலிகள், 103.5 மெகாவாற்று. சுழலிகள் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தவை; கடன் மணிலாவில் தலைமையகம் கொண்ட ஆசிய அபிவிருத்தி வங்கியினது; ஆணை கொழும்பிலிருந்து. கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வளவு தூரங்களுக்கிடையே ஒருங்கிணைந்து ஒரு பெரும் வேலையை முடித்தது, மெய்நிகர் குழு நூல்களில் எழுதத்தக்க சாதனைதான். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு நாம் விரோதிகளல்லர். நிலக்கரிப் புகைக்கு அது எவ்வளவோ மேல். திட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடும் சேர்க்கப்பட்டது: வலசை வரும் பறவைக் கூட்டத்தை ரேடார் கண்டால், சுழலியை நிறுத்தலாம். பறவைக்கு அந்த உரிமை கிடைத்ததில் எமக்கு மகிழ்ச்சியே. வெள்ளம் வடிய வழியில்லை, கரைவலை இழுக்க இடமில்லை என்று தீவு மக்கள் முறையிட்டபோது அவர்களைக் கண்டு நிற்கும் ரேடார் எங்கே இருந்தது?

சட்டத்தில் வழி இருக்கிறதே என்பார்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, 30 நாள் கருத்துக் கேட்கிறார்களே என்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள், 30 நாட்கள், பகலில் கடலிலும் இரவில் வலை பொத்துவதிலும் கழியும் வாழ்க்கை. இதுவும் ‘கேள்விகள் உண்டா?’ என்ற அந்த அரை நிமிடத்தின் விரிவுதான். 484 மெகாவாற்று மன்னார்–பூநகரித் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. ஆயினும் வேறு காற்றாலைத் திட்டங்கள் தொடர்ந்தன. ஆகஸ்டில் சுழலிப் பாகங்களை ஏற்றிய ஊர்திகள் தீவுக்குள் வரத் தொடங்கியதும் மக்கள் இரவு பகலாக வீதியில் அமர்ந்தனர். ஜனாதிபதி ஒரு மாதம் வேலைகளை இடைநிறுத்தினார். மாதம் கழிந்தது, வேலையைத் தொடரும் முடிவு வந்தது, செப்டம்பர் 26ஆம் திகதி இரவு பொலிஸாரின் பலப்பிரயோகத்தில் குருமார் உட்படப் பலர் காயமுற்றனர். எழுதிக் கேட்டபோது கேட்காத செவிகளுக்கு வீதியை மறித்த பின்னரே ஒலி எட்டிற்று. ‘மன்னார் மக்களுக்குத் திட்டத்தைச் சரியாக விளக்கவில்லை, தொடர்பாடல் குறைபாடு’ என்று சில கனவான்கள் பிற்பாடு எழுதினார்கள். விளக்கக் குறைவு என்பது அவர்களுக்குப் பிடித்தமான நோய்ப்பெயர். மக்கள் விளங்கிக்கொண்டே மறுக்கக்கூடும் என்பது அவர்கள் மனத்தில் எழுவதேயில்லை.

இனி வாசகர்களில் சிலர் எமக்கு எதிராக ஒரு விரல் நீட்டுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். நீட்டத்தான் வேண்டும். எமது முற்போக்கு வட்டங்கள் மாத்திரம் எவ்வாறு நடக்கின்றன? இணையவழி இலக்கியக் கூட்டமென்றால் யாழ்ப்பாணத்தாரும் ரொறன்ரோவில் இருப்பவரும் ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். மன்னாரிலிருந்து ஒருவர் நன்றியுரை சொல்வார். கூட்ட நேரம் வெளிநாட்டு நண்பரின் விடுமுறை நாளுக்கேற்பக் குறிக்கப்படும். சங்கக் குழுவில் தீர்மானம் ஒன்றை நள்ளிரவில் பதிவிட்டு, விடியும்போது ஆட்சேபம் இல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது என்பார்கள். பெண் தோழர்கள் பெருவிரலை மட்டும் உயர்த்திக் காட்டும் குழுக்கள் எத்தனை! அந்தப் பெருவிரல் சம்மதமா, சலிப்பா, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தட்டெழுத முடியாத நிலையா என்று நாம் ஒருமுறையேனும் தனியே அழைத்துக் கேட்டோமா? எமது வட்டமே இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்திருக்கிறது. கொழும்பைக் குறைகூறக் கற்றுக்கொண்ட வேகத்தில் எமக்குள்ளிருக்கும் கொழும்புகளைக் காண நாம் கற்றுக்கொள்ளவில்லை.

கடந்த சில மாதங்களாக எமது சிறிய குழுவில் சில வழக்கங்களைப் புகுத்திப் பார்க்கிறோம். மன்னார், மடு ஆகிய இரு கல்வி வலயங்களிலிருந்தும் பதினொருவர், புத்தளத்திலிருந்து இருவர், மொனராகலையிலிருந்து சிங்கள ஆசிரியர் ஒருவர். விஷயத்தை இரண்டு நாளுக்கு முன் குரல்பதிவாகவும் எழுத்தாகவும் அனுப்புகிறோம். தீர்மானத்தைச் சொன்னவர் அல்லாமல், அதைச் செய்ய வேண்டியவர் தம் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்கிறார். தந்தி ஊழியரிடம் கற்ற பாடம் இது. பதில் வராத இடத்தில் சம்மதம் என்று எழுதுவதில்லை. ‘பதில் வரவில்லை’ என்றே குறிப்பில் எழுதி, ஒருவர் பொறுப்பேற்று அழைத்துக் கேட்கிறார். ‘நில்’ என்ற ஒரு சொல்லை எவர் எந்நேரமும் எழுதலாம்; காரணம் கேட்காமலே பேச்சு நிற்க வேண்டும். சென்ற மாதம் இந்தச் சொல்லால் ஒரு கூட்டம் மூன்று தடவை நின்றது. எமது மூத்த நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியானால் எந்தக் காரியமும் நடவாது என்றார். மூன்றாவது தடவை நிறுத்தியவர் அந்த இளம் ஆசிரியை. சிங்களப் பிரதியில் ஒரு வரி தமிழ்ப் பிரதியில் விடுபட்டிருந்ததை அவர் ஒருவரே கண்டிருந்தார். அந்த வரி, மகஜரில் கையொப்பமிடுவோருக்கு இடமாற்றம் வந்தால் எவ்வாறு எதிர்கொள்வது என்பதைப் பற்றியது. மூத்த நண்பரின் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. தீர்மானம் மட்டும் திருத்தப்பட்டது.

அடுத்த கூட்டம் ஞாயிறு மாலை ஆறரைக்கு. ஏழுக்கு மேல் வங்காலைப் பக்கத்தில் இணைப்பு நலிகிறது என்று அங்குள்ளவர் சொன்னதால் அரை மணியில் முடிக்க வேண்டும். குறிப்பெழுதும் முறை இம்முறை மொனராகலை நண்பருடையது. அவர் சிங்களத்தில் எழுத, தாழ்வுபாட்டிலிருந்து ஒருவர் தமிழில் எழுதுவார். இரு பிரதிகளையும் ஒப்புநோக்கிய பிறகே மகஜர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும்.